பனிவாரி விற்பனைக்கு

டெல்லெர்வோவின் கோட்டில் ஏழு பொத்தான்கள்.
நவம்பர் முதல் ஏப்ரல்வரை
காலையில் ஏழையும் போட்டுவிடுவதும்
மாலையில் கழற்றிவிடுவதும் என் வேலை.
முப்பத்தோரு வருஷம்
பனியுடைக்கும் கப்பலின் எஞ்சின் அறையில்
கிடந்தவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.
கழுத்தோரப் பொத்தான் மட்டும்
கொஞ்சம் முரண்டுபிடிக்கும்.
முகத்தை உயர்த்திக் காத்திருப்பாள்.

வெயில்தான் மருந்து என்றார் மருத்துவர்.
முடிந்திருந்தால் சீட்டிலேயே எழுதியிருப்பார்,
காலை ஒன்று, மாலை ஒன்று.

போன பிப்ரவரி
பனாமாவில் ஐந்து வாரம், வாடகை வீடு.
பத்தாம் நாள்
ஊறுகாய்ப் புட்டியைத் தானே திறந்தாள்.
டப்பென்றது மூடி.
இருவரும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
யாரோ அறைக்குள் வந்துவிட்டதைப் போல.

அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட்டேன்.
இனி என் பக்கம்.

இரண்டாம் வாரமே என் தோல் காலணிக்குள்
பச்சைப் பூஞ்சை குடியேறிவிட்டது.
குளித்துத் துவட்டினால்
துவட்டியதே வேர்வையாகிவிடும்.
சூரியன் ஆறரைக்குக் கடையைச் சாத்தும்,
பேரம் கிடையாது.
வருஷம் முழுக்க ஏறக்குறைய இதே நேரம்தான்
என்றாள் வீட்டுக்காரி எர்மெலிந்தா, பெருமையாக.
ஜூனிலுமா?
ஜூனிலும்தான்.

கெமியில், ஜூன் நள்ளிரவில்
விளக்கில்லாமல் படகுக்குத் தார் பூசுவேன் நான்.
டிசம்பர் வாங்கிய கடனையெல்லாம்
வட்டியோடு எண்ணி வைக்கும் மாதம் அது.
கடனே வாங்காத ஊரில்
யார் யாருக்கு என்னத்தைத் திருப்பித் தருவது?

அப்புறம், அந்தக் கடல்.
அழகுதான், குறை சொல்லவில்லை.
ஆனால் அதன்மேல் நடக்க முடியாதே
என்றபோது
டெல்லெர்வோ சிரித்துச் சிரித்து
விரல் முட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம்.
'இருக்கலாம்' என்ற பக்கத்தில் என் கையெழுத்து
கோடு தாண்டி ஓடியது:
சௌனா, பனியில் துளைபோட்டு மீன்பிடிக்கும் இடம்,
நாற்பது நிமிஷத்தில் மகள் வீடு,
ஓய்வூதியத்துக்கு வரி, பாம்பு,
கீழே மறுபடியும் பாம்பு.
'போகலாம்' பக்கத்தில் ஒரே ஒரு சொல்.
அதற்குமேல் அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.
விரல்
என்று எழுதியிருந்தாள்.
'ல்' மேலே வைத்த புள்ளி
தாளைக் கிழித்திருந்தது.

பனிவாரியை விற்க விளம்பரம் கொடுத்தவன் நான்தான்.
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை,
இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
டோர்னியோவிலிருந்து எலியெல் என்று ஒரு பையன்
இழுவை வண்டியும் கயிறுமாக வந்து நின்றான்.
எந்திரம் முதல் இழுப்பிலேயே உறுமியது,
துரோகி.

என்ன விலை?
தொள்ளாயிரம் யூரோ.
புதுசே அவ்வளவுதானே?
புதுசு இந்த வாசலை அறியாது, என்றேன்.
பையன் மரியாதையாகக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

கதவு திறந்தது.
மைனஸ் பதினாறு.
ஏழு பொத்தானும் போடாத கோட்டோடு
படியில் நின்று
முந்நூறு, என்றாள் டெல்லெர்வோ.
சத்தம் போடவில்லை.
சந்தையில் மீனுக்கு விலை சொல்கிறவளைப் போல
சும்மா சொன்னாள்.

பையன் என்னைப் பார்த்தான்.
நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எந்திரத்தின் ஒரு பக்கத்தை நானே தூக்கிக்கொடுத்தேன்.
நோட்டுகளை அவள்தான் வாங்கினாள்,
எண்ணவில்லை.

மறுநாள் ராத்திரி கொட்டித் தீர்த்தது,
முழங்காலுக்குப் பனி.
விடிவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.
பழைய மண்வாரியோடு இறங்கினேன்.
அள்ளி எறிய எறிய
அவ்வளவு கனம், அவ்வளவு வெள்ளை.
பாதி வழியில் நிமிர்ந்தபோது
ஜன்னலை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.
எதுவரைக்கும், என்று வாயசைத்தாள்.

சாலைவரைக்கும், என்றேன்.
இரட்டைக் கண்ணாடி.
கேட்டிருக்காது.