பென்சிலால் ஒரு பெருக்கல் குறி

கீழமாரட் வீதியில் வெங்காய மண்டிக்கு மேலே
பதினேழு படி ஏறினால் என் அலுவலகம்.
ஆடிக்காற்று சருகைத் தூக்கிவந்து
கீபோர்டின் மேல் போடும்.
ஊதிவிட்டுத்தான் ஒவ்வொரு கணக்கையும் தொடங்குவேன்.

கையெழுத்து விழவேண்டிய இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைப்பேன்.
போட்டு முடித்ததும் அழித்துவிடுவேன்.
அந்தக் குறி வரைக்கும்தான் என் கை.

"வெறுந்தாள்ல நாலு போட்டு வச்சிட்டுப் போறேன் மேடம்,
ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்பார்கள்.
ஆத்திர அவசரத்துக்கு ஆகாதது
அது ஒன்றுதான்.

இப்படியே பிறந்தவள் இல்லை நான்.
ஒச்சப்பன் என்று ஒரு கண்டக்டர்,
கடைசித் தேதியில் குமுளி டூட்டியில் மாட்டிக்கொண்டார்.
"நீங்களே போட்டு பெங்களூருக்கு அனுப்பிருங்கம்மா."
பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டேன்.
கடைசி ன்-னுக்கு அவர் புள்ளி வைக்கமாட்டார்.
நான் வைத்துவிட்டேன்.
எழுத்துத் தெரிந்த திமிர்.

இரண்டு வருஷம் கழித்து, பீபீகுளத்தில்,
அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார்.
"இது என் கையெழுத்துங்களா?" என்றார் ஒச்சப்பன்.
அதிகாரியை அல்ல,
என்னைப் பார்த்து.

இந்த வருஷம், ஜூலை முப்பது, ராத்திரி எட்டரை.
கீழ் மண்டி சோலைமலை அண்ணன்
சம்சாரம் பேரில் ஒரு ரிட்டர்ன்.
"அவ போட்டா என்ன, நான் போட்டா என்ன?"
அவங்க வரணும்ணே.
"ஒல கொதிக்குது மேடம் அங்க."
எறக்கி வச்சிட்டு வரட்டும்.
ஓடிபி வருகிற போன்கூட
அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஒன்பதே காலுக்கு முத்திருளாயி வந்தார்,
வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.
"எங்கன போடணும்?"
படிச்சுட்டுப் போடுங்க என்றேன்.
எல்லாரிடமும் சொல்வதுதான்,
யாரும் படிப்பதில்லை.

அவர் விரல் வைத்துப் படித்தார்.
ஒரு வரியில் விரல் நின்றது.
"வாடகைன்னு போட்டிருக்கு?"
ஆமா. வருஷத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரம்.
"நாங்க குடுக்கிறதா?"
உங்களுக்கு வர்றது.
ஆனையூர்ல ரெண்டு போர்ஷன், உங்க பேர்ல.

சோலைமலை அண்ணன்
மாதக் காலண்டரில் எதையோ தேடினார்.

"நாங்க அனுப்பானடியிலல்ல
மாசம் ஏழாயிரத்துக்கு இருக்கோம்?
தண்ணி வரலன்னு தெனம் ஓனரம்மாகிட்ட
நானுல்ல பேச்சு வாங்குறேன்?"

எனக்குப் பதில் சொல்ல ஒரு கட்டம் இல்லை,
அந்தப் படிவத்தில்.
அடுத்த வரியைக் காட்டினேன்.
டெபாசிட் வட்டி, ரெண்டே முக்கால் லட்சம்.
அதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நீலப் பேனாவின் மூடியைத் திறந்தார்,
பெருக்கல் குறிக்கு மேல் கொண்டுபோனார்,
மூடினார்.

"இதுக்குக் கெடு எப்ப?"
நாளைக்கு ராத்திரி பன்னெண்டு மணி.
"காலைல அந்த வீட்டப் பாத்துட்டு
வந்து போடுறேன்."

தாளை நாலாக மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு
செருப்போடு இறங்கினார்.
படியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"ஒரு கையெழுத்து மேடம்" என்றார் அண்ணன்.
"ஒரே ஒரு கையெழுத்து."
நான் ரிஜிஸ்டரை எடுத்தேன்.

முப்பது, ஏழு. இரவு 9.50.
நேரில் வந்தார். படித்தார்.
போடவில்லை.

கீழே லாரி வந்து நின்று
மூட்டை இறங்கத் தொடங்கியது.
ரப்பர் மேஜைமேலேயே கிடந்தது.