ஒரு கண்ணுக்குத் தாமதம்

தெய்வசிகாமணி வைத்த நிபந்தனை ஒன்றுதான்:
கண்ணாடி இல்லாதவர் வீட்டில்
படம் கெடக்கூடாது.
டயனோராவோ சாலிடேரோ, எந்தப் பெட்டியானாலும்
ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது.

கணபதியில் மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே
எங்கள் கேபிள் அறை.
சிவப்பையும் நீலத்தையும் விலக்கி அனுப்பிய முதல் ராத்திரி
நாற்பது போன்.
"ஏனுங், உங்க லைன்ல எல்லாத்துக்கும்
ரெண்டு மூக்கு வருதுங்."
மூன்று தெரு அந்த மாதம் பணம் தரவில்லை.

பிறகுதான் கறுப்புக் கண்ணாடி.
டவுன்ஹால் நடைபாதையில் பன்னிரண்டு ரூபாய்.
வலது சில்லைத் தட்டியதில் அது நொறுங்கியது,
இடது மிஞ்சியது.
இருட்டு வழியாக வருவது
மூளைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் சேரும்,
ஒரு கண் இப்போதைப் பார்க்க
மறு கண் சற்று முந்தியதைப் பார்க்க
இடையில் விழும் அந்தத் துளி நேரம்தான்
ஆழம் என்றான்.
போட்டுப் பார்க்கும் வரை நான் நம்பவில்லை.

பொள்ளாச்சி பஸ்ஸின் இடது ஜன்னலில்
கேமராவை மடியில் வைத்து எடுத்தது:
தென்னைகள் ஒவ்வொன்றாகப்
பெட்டியை விட்டு வெளியே வந்து போயின.
கிணத்துக்கடவில் பஸ் நின்றது.
உலகம் தட்டை.
டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரை தட்டை.
திரும்பும்போது வலது ஜன்னலில் எடுத்தோம்.
தூரத்துக் கரடு முன்னால் வந்து நிற்க
தென்னை அதன் முதுகுப் பக்கம் முளைத்திருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஒளிபரப்பு.
வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று
கீழே காயில் கட்டும் சுலோச்சனாவைக் கூப்பிட்டோம்.
முதல் தென்னைக்கே
காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்பவும் இப்பிடித்தானுங்க.
இடது கண்ணுல பூ விழுந்துருச்சு,
போனஸ் வந்தா ஆப்பரேசன்.
டி.வி.யாச்சும் பரவால்லீங்,
சத்தி ரோட்டுல பஸ்ஸு எங்க வருதுன்னே
புடிபடறதில்லீங்.
இதச் சரி பண்ண முடியுமாங்?"

இரண்டு வருஷத்து நோட்டுப் புத்தகத்தில்
அந்தக் கேள்வி இல்லை.
தெய்வசிகாமணி மேசை விளிம்பையே பார்த்திருந்தான்.
பிறகு கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பினான்,
சில்லு அவளுடைய நல்ல கண்ணுக்கு வரும்படி.
கொக்கிகள் காதுக்கு மேலே கொம்புபோல நிமிர்ந்தன.
தென்னைகள் பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொண்டன.
"ம்... இப்பத்தானுங்க
டி.வி., டி.வி. மாதிரி இருக்குது."

ஆறு மணிக்கு
அதைப் போட்டுக்கொண்டே சத்தி ரோட்டைக் கடந்தாள்,
பஸ்ஸுக்கு நின்று, லாரிக்கு நின்று, சரியாக.
எங்களிடம் இருந்தது அந்த ஒரு சில்லுதான்.