காற்று கூடுகிறது

க்டின்யா துறைமுகம், ஏழாம் எண் கிரேன்.
பழசு. லிஃப்ட் கிடையாது.
என் இருக்கையிலிருந்து தரைக்கு
நூற்றுத் தொண்ணூற்று நான்கு படிகள்,
பிறகு கண்டெய்னர்களுக்கு நடுவே ஒரு சந்து,
சந்து முடிகிற இடத்தில் கழிப்பறை.
ஒன்பது வருஷமாக இதை நான் எண்ணியதில்லை.

போன மார்ச்சில் என் குடலுக்குள் இருப்பதற்குப் பெயர் சொன்னார்கள்.
குரோன்.
ஏதோ சரக்குக் கப்பலின் பெயர் போலிருந்தது,
எந்தக் கொடியில் வருகிறது என்று கேட்கத் தோன்றியது.
பதினோரு கிலோ போனது.
ஒரு முழம் குடல் போனது.
எட்டு மாதம் படுக்கை.
ஜன்னலில் ஏழாம் எண்ணின் தலை மட்டும் தெரியும்,
உள்ளே வேறு யாரோ.
"பெட்டியை ஆடவிடுகிறான் பார்" என்பேன்.
விட்டோல்டு போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டு
சூப்பைச் சூடாக்கப் போவான்.

கம்பெனி டாக்டர் நல்ல மனுஷர்.
"உயரத்தில் வேலை" என்ற வரிக்கு நேரே
ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.
பேனா நடுவில் நின்றது.
"கீழே அலுவலகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, ஒட்டிலியா,
கழிப்பறை பக்கத்திலேயே."
எனக்கு அவரிடம் சொல்லத் தெரியவில்லை,
மேலே போய் உட்கார்ந்தால்
எனக்கு உடம்பே கிடையாது என்று.
பத்து விரல்கள், கீழே நாற்பது டன்.
அதைக் கப்பலின் மடியில்
கோழி முட்டை வைப்பதுபோல் வைப்பேன்.
"மயக்கம் வராது, டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.
மூன்று தடவை சொன்னேன்.

திரும்பி வந்த முதல் வாரம்
விடிகாலையில் உப்பு போட்ட உருளைக்கிழங்கு,
அதற்குப் பிறகு மதியம் இரண்டு வரை எதுவும் இல்லை.
பட்டினியோடு ஒரு உடன்படிக்கை. அது கையெழுத்துப் போட்டது,
குடல் போடவில்லை.

ரேடியோவை எல்லோரும் கேட்கிறார்கள்,
லாரிக்காரர்கள், கப்பல்காரர்கள், காவல் கூண்டு.
"ஐந்து நிமிஷம்" என்றேன்.
"மறுபடியுமா?" என்றது ஒரு குரல்.
இன்னொன்று சிரித்தது.

மூன்றாம் வாரம். பெட்டி பாதி வானத்தில்.
என் கை நின்றுவிட்டது. வாயைத் திறக்கவில்லை நான்.
கீழே சைகை காட்டுகிற ஸ்வாவெக்,
நாளொன்றுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்,
ரேடியோவை எடுத்தான்.
"காற்று கூடுது. இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் நிறுத்துங்க."
கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஏழாம் எண்ணில் மட்டும் காற்று.
சில நாள் மூன்று தடவை.
சில நாள் அடிப்பதே இல்லை,
கண்பட்டுவிடும் என்று அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
நவம்பரில் புயலே வந்தபோது
ரேடியோ முழுக்கக் குழப்பம்:
"நிஜக் காற்றா?"

ஒரு நாள் படிகள் ஜெயித்தன.
அறுபத்து மூன்று பாக்கி இருந்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்,
இரும்பு சில்லென்றிருந்தது.
ஸ்வாவெக் லாரிகளையெல்லாம் மறுபக்கம் திருப்பி அனுப்பினான்.
பிறகு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி நின்றான்,
நான் இறங்கி முடிக்கும்வரை.
லாக்கரில் மாற்று உடை இருந்தது. இப்போது இரண்டு செட்.
அந்தப் படிவத்தின் கட்டத்தை
அன்று ராத்திரி நிறைய நேரம் யோசித்தேன்.
இன்னும் யோசிக்கிறேன், சில ராத்திரி.

இந்த ஏப்ரலில் ஒலாஃப் என்று ஒரு பையன் சேர்ந்தான்.
பத்தொன்பது வயசு, காது நிறைய வளையம்.
முதல் முறை காற்று கூடியபோது
துறைமுகக் கொடியைப் பார்த்தான். துவண்டு கிடந்தது.
விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தான்.
ஸ்வாவெக்கைப் பார்த்தான்.
ஸ்வாவெக் கடலைப் பார்த்தான்.
அவனுக்கு யார் சொன்னார்களோ, யாருமே சொல்லவில்லையோ,

மறுநாள் ஒரு புல்கூட அசையாத காலையில்
நான் படிகளில் இறங்க ஆரம்பித்ததும்
தலைக்கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து
முன்பக்கம் குனிந்து, தள்ளாடி,
இல்லாத சூறாவளிக்கு எதிராக
ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கோ அவசரம். படியோ பாதி.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.