பதினெட்டுக் கிலோ

பெயரைக் கேட்டு ஹட்டனில் சிரித்தார்கள்.
கொழும்பில், அதென்ன எடை என்றார்கள்.
பதினேழரை பறித்தால் அரைப்பேர்தான் விழும் என்பதை
கிட்டாரை மாட்டிக்கொண்டு எப்படி விளக்குவது?
லோகிதன் மட்டும் மைக்கை உதட்டோடு ஒட்டி
"எங்கம்மாவக் கேளுங்க" என்பான்,
உடனே பாட்டு தொடங்கிவிடும்.

மூடிப்போன பிள்ளைக்காம்பராவில் பயிற்சி.
தொட்டில் கொக்கிகளில் வயர்கள் தொங்கின.
பண்டாரவளை பேக்கரிக்காரர் மகன் சமிந்த
தமிழ் வரிகளைச் சிங்கள எழுத்தில்
முழங்கை வரை எழுதிக்கொண்டு வருவான்;
வியர்த்தால் இரண்டாம் சரணம் அழிந்துவிடும்.
டிரம்ஸ், ஜெனிட்டா.
பேஸ், நான். யாருக்கும் கேட்காது.

ஒரு ஜூலையில் தகரம் ஒழுகி
ஸ்பீக்கர் இரவெல்லாம் நனைந்தது.
மறுநாள் முதல் கம்பியைத் தட்டியதும்
மலைச்சரிவு பிடுங்கிக்கொண்டு இறங்குவதுபோல்
ஒரு கிழிசல்.
ஜெனிட்டா குச்சியை நிறுத்தினாள்:
"எதையும் மாத்தாதீங்க."

பிறகு பதினாறு மாதம்
நாங்கள் அந்தக் கிழிசலின் பின்னால் ஓடினோம்.
நுவரெலியா சீசனில் நடு மேடை.
பதுளையில் பையன்கள் சட்டை முதுகில்
மார்க்கரால் பதினெட்டு என்று எழுதி வந்தார்கள்.
தலவாக்கலையில் மின்சாரம் போனபோது
கூட்டமே கடைசிவரை பாடி முடித்தது,
என் பேஸ் பகுதியையும் சேர்த்து.

வெள்ளவத்தை ஸ்டூடியோ குளிராக இருந்தது,
ஆனால் ஈரமில்லாத குளிர்.
எஞ்சினியர் நல்ல மனிதர்.
ஸ்பீக்கரைத் திறந்து பார்த்துப் பதறி
காயவைத்து, பசை தடவி, ஒட்டித் தந்தார்,
காசுகூட வாங்கவில்லை.
ஆறு பாட்டு. எல்லாம் சுத்தம்.
சுத்தமாக, யாருடையதோ.

சண்டைபோட்டுப் பிரிந்தோம் என்று பேச்சு.
சண்டைக்குக்கூட
நால்வருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கவில்லை.
லோகிதன் தோஹாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.
ஜெனிட்டா மஸ்கெலியாவில் கணக்கு டீச்சர்.
சமிந்த பாண் போடுகிறான்;
புதுவருடத்துக்கு ஒரு மெசேஜ்,
தமிழில், எழுத்துப்பிழையோடு.

போன வாரம் சம்பளக் கூட்டத்துக்கு
சங்கத்தார் ஸ்பீக்கரை இரவல் கேட்டார்கள்.
மூன்று நாள் மழை. லாரியில் படங்கு இல்லை.
தலைவர் தொண்டையைச் செருமி
"நமது கோரிக்கை" என்றதும்
கிழிந்தது.
அதே கிழிசல்.
முன்வரிசை காதைப் பொத்தியது.
ஆபரேட்டர் ஓடிவந்து வயரை ஆட்டினான்,
பிடுங்கிச் செருகினான், ஊதிப் பார்த்தான்.

வயரில் ஒன்றுமில்லை என்று
நான் சொல்லவில்லை.