ஞாயிறு இரவுக்குள்

ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கடியில் படிவம்.
ஞாயிறு இரவுக்குள் பதில் வேண்டுமாம்,
இல்லையென்றால் இடம் வேறொருத்திக்கு.
பயிற்சியாளர் ரோர்க் கண்டிப்பானவர்.
இரண்டாயிரத்து நானூறு டாலர். தவணை உண்டு.
விடுதி, பெட்ரோல், நான் இழக்கும் சனிக்கிழமைக் கூலி
எதுவும் அதில் சேர்த்தியில்லை.

ஒமாஹா, விச்சிட்டா, டெஸ் மாய்ன்:
ஜூன் முழுக்க நெடுஞ்சாலைதான்.
வண்டியின் பின்சக்கரம் இப்போதே முனகுகிறது.
சின்னவன் பிறந்தநாள் கேக்கை
எந்த மைதானத்து வாசலில் வெட்டுவதோ.

டெலேனிக்குப் பன்னிரண்டு.
பந்து பிடிக்கக் குந்திக் குந்தி
முழங்காலில் எப்போதும் புழுதி.
புதுக் கையுறைக்குள் பந்தை வைத்துக் கட்டி
மெத்தைக்கடியில் திணித்துத் தூங்குகிறாள்,
கேட்காமலே பதில் சொன்னதுபோல.

இருந்தாலும் கேட்டேன், பாத்திரம் கழுவும்போது.
தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"நான் போனா நம்ம ஊர் டீம்ல எட்டுப் பேர்தாம்மா."

ஆட ஒன்பது வேண்டும்.
இந்தக் கணக்கு என் தாளில் இல்லை.

மணி பதினொன்று பத்து.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
மாடியில் மெத்தை கிறீச்சிட்டது.
பந்தை வெளியே எடுக்கிறாளோ,
இன்னும் ஆழமாய் அமுக்குகிறாளோ.