கிழிந்த மூட்டையின் எண்

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு
சாஜு சார் அந்தத் தாளைக்
கிடங்குக் கதவில் டேப் போட்டு ஒட்டினார்.
பூனைத் தீனி, ஏழரைக் கிலோ, கோழி வாசனை.
7714 என்று முடிகிற மூட்டை
ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.
போனதெல்லாம் திரும்பி வர வேண்டும்.

சோளத்தில் பூஞ்சையாம்.
பூஞ்சை செத்தாலும் அதன் நஞ்சு சாகாதாம்.
வறுத்தாலும் போகாமல்
ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

(சித்ராவில் வேலை என்றால்
என் மனைவி இன்னும் சந்தேகமாகத்தான் சிரிக்கிறாள்.
பஹ்ரைனில் அது ஒரு தீவு, தாயே,
முழுக்கக் கிடங்கு.)

நானும் டம்பரும் எண்ணிச்
சிவப்பு ரிப்பன் கட்டி ஒதுக்கியது அறுபத்திரண்டு.
பட்டியலில் அறுபத்து மூன்று.
டம்பர் என்னைப் பார்த்தான்.
நான் ஃபோர்க்லிஃப்டைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை
அதன் இரும்பு நாக்கு இரண்டு மூட்டையைக் கிழித்தது.
ஒன்று பழைய வரவு. ஒன்று புதுசு.
ஒன்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டோம்.
மற்றதைப் பால்பவுடர் டின்னில் நிரப்பி
எடுத்து வைத்தேன், சில்லறைக்காக.
எதை எறிந்தோம், எதை வைத்தோம்,
யார் பார்த்தது?
பையையும் எறிந்தாயிற்று.
எண் பையில்தானே இருக்கும்,
தீனி மேலா எழுதியிருக்கும்?

சில்லறை
லாரி நிற்கிற மதிலோரம் பிறந்தவள்.
முதுகில் ஐம்பது ஃபில்ஸ் அளவில் ஒரு புள்ளி,
நூறு அளவில் இரண்டு.
எந்த இன்வாய்ஸிலும் இல்லாதவள்.
பாலட் அடுக்குக்குப் பின்னால்
கண் திறந்து நான்கு நாளான மூன்று குட்டி.

பகல் முழுக்க வேனில் போய்
வீடு வீடாக மூட்டை திரும்ப வாங்கினேன்.
ரிஃபாவில் நூறா என்றொரு அம்மா.
பூனை எத்தனை மணிக்குத் தின்றது,
எத்தனை மணிக்குக் கக்கியது,
நோட்டில் எழுதி வைத்திருந்தார்.
பையின் எண்ணைக் கத்தரித்து
ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார்.
டப்பாவில் கொட்டினாலும் பையை எறியாதே என்றார்,
தீனி செய்தவனே நான்தான் என்பதுபோல.

எறிந்துவிட்டால்? என்றேன்.

உன்னிடமும் பூனையா?
கிடங்கில், என்றேன்.
அவர் குரல் இறங்கியது.
உதட்டைத் தூக்கி ஈறைப் பார்.
மஞ்சளென்றால் நிற்காதே, ஓடு.
என் ரசீதின் முதுகில்
ஒரு டாக்டர் நம்பர் எழுதித் தந்தார்.

இரவு பத்து மணி. காற்றே ஈரத்துணி.
வெல்டிங் கையுறை போட்டு டம்பர் பிடித்துக்கொண்டான்.
உதட்டைத் தூக்கினேன்.
சித்ராவின் தெருவிளக்கு அத்தனையும் மஞ்சள்.
ஈறு மஞ்சள். என் விரல் மஞ்சள்.
சிரிக்கப் பார்த்த டம்பரின் பல்லும் மஞ்சள்.
மொபைல் வெளிச்சம் அடித்தால் எல்லாம் வெள்ளை.
இரண்டுக்கும் நடுவில்
அவள் நிஜ நிறம் எங்கோ இருந்தது.

ஜூஸ் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு
நாலு பேரையும் தூக்கிப் போனோம்.
ரத்தம் எடுக்க இருபத்திரண்டு தினார்.
பன்னிரண்டு என்னுடையது.
பத்து, டம்பர் ஊருக்கு அனுப்பாமல் வைத்திருந்தது.
படிவத்தில் உரிமையாளர் பெயர் கேட்டார்கள்.
இருவரும் பேனாவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம்.
டம்பர் என் பெயரைச் சொன்னான்,
எழுத்துக் கூட்டிச் சொன்னான், தப்பாக.
திருத்தவில்லை.

நஞ்சு பாலிலும் இறங்கும் என்றாள் டாக்டர்.
குட்டிகளுக்கு ஒரு சிரிஞ்சும் மாவும் தந்தாள்.
ரிசல்ட் நாளை மாலை.

இப்போது மணி மூன்று.
மெஸ் சமையல்காரரை எழுப்பி,
உப்பில்லாமல் கோழி வேகவைத்து,
பிய்த்துத் தட்டில் வைத்திருக்கிறேன்.
சில்லறை மோந்து பார்த்தாள்.
தாண்டிப் போனாள்.
சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிக்
கவிழ்த்து வைத்திருக்கும் பால்பவுடர் டின் முன்னால்
போய் உட்கார்ந்து
என்னைக் கூப்பிடுகிறாள்.