ஆளில்லாத மிதி

தாப்பாவில், டயர்க் கடைக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில்
மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கிறான் ஆ ஹெங்.
தோட்டத்து மளிகைக்கடையில் பிறந்தவன்,
எங்களுக்குத் தமிழில்தான் விலை சொல்வான்.
"அக்கா, பஸ்ஸுக்கு ப்ரேக் இருக்கு.
பின்னாடி வர்ற கஞ்சிலுக்கு யாரு இருக்கா?"

இருபத்தாறு வருடம் நான் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்.
நான்காம் வரிசையிலிருந்து இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக்
கட்டில் போட்டேன், கேஸ் அடுப்பு வைத்தேன்.
பிள்ளைகள் கிறுக்கிய பெயர்களுக்கு மேல்
இப்போது எங்கள் துணி காய்கிறது.
நிறுத்திய ஊரில் மீன் வாங்கிவர
சின்ன வண்டி ஒன்று வேண்டுமே என்று
கஞ்சிலை இரும்புத் தண்டில் பூட்டிக்கொண்டேன்.

போன ஞாயிறு ரிங்லெட்டிலிருந்து இறங்கும்போது
பதினாறாம் கட்டை வளைவில்
முதுகில் கைவைத்து யாரோ தள்ளினார்கள்.
எழுநூறு கிலோ.
ஏற்றத்தில் அது பாரம்,
இறக்கத்தில் அது அவசரம்.
நான் நிற்கச் சொன்னது கஞ்சிலுக்குக் கேட்கவில்லை.
தண்டு முனகியது.
ப்ரேக் தீய்ந்த வாடை
தாப்பா வரைக்கும் எங்களுடன் இறங்கி வந்தது.

முதல் பெட்டி ஓட்டுநர் இருக்கையில் உட்காரும்.
காலை நீட்டி மிதியைப் பிடித்துக்கொள்ளும்.
விளக்குக் கம்பத்தில் மெல்ல நின்றாலும்
குறுக்கே மாடு வந்தாலும்
அதற்கு ஒரே மிதிதான்.
"மலிவு. ஆனா கோவக்காரன்" என்றான் ஆ ஹெங்.

இரண்டாவதும் உட்காருவதுதான்.
உள்ளே ஒரு குண்டு தொங்குகிறதாம்,
பஸ் தயங்கும் அளவுக்கு அது சாய,
சாய்ந்த அளவுக்குக் கால் மிதிக்குமாம்.
மலையிறக்கத்தில் மட்டும்
சாய்வது ரோடா குண்டா என்று கொஞ்சம் குழம்புமாம்.

மூன்றாவது உட்காராது.
பஸ்ஸின் காற்றுக்குழாயிலிருந்து ஒரு நரம்பு
கஞ்சிலின் மிதிக்கு அடியில் போய்ச் சேரும்.
நான் மிதிக்கும் அளவே அங்கும்.
ஆறாயிரத்து முந்நூறு வெள்ளி,
பொருத்த இரண்டு நாள்,
இருக்கை காலியாகவே இருக்கும்.

இருதயராஜ் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டியவர்.
வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருடமாகிறது.
பஸ்ஸை எந்த ஊரில் நிறுத்தினாலும்
ஐந்து மணிக்குக் கஞ்சிலில் போய் உட்காருவார்.
ரேடியோவுக்கு மட்டும் சாவியை அரைச் சுற்று.
இடது கை ஸ்டியரிங்கில்.
ஏழு மணிக்கு இறங்குவார்.
எங்கே போய்வந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

பெட்டியை நெடுநேரம் பார்த்தார்.
வாயில் இடறாத சொற்களாகப் பொறுக்கிச் சொன்னார்:
"இதுக்குக் கால்... நல்லா இருக்கு."
சிரிக்கத் தொடங்கிய ஆ ஹெங்
பாதியில் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டான்.
"ரெண்டாவதை வாங்கு. மிச்சத்துக்கு டயர் மாத்து."
நியாயமான கணக்குதான்.
"இறக்கத்துல குழம்பும்னானே" என்றேன்,
மூன்றாவதன் மேல் கைவைத்து.
நான் சொன்ன காரணம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை சோதனை.
முதலில் ஊசிக்கயிறு:
தண்டு விட்டுப்போனால் இது கழன்றுகொள்ளும்,
கழன்றால் கஞ்சில் தன்னாலேயே நின்றுவிடும்.
ஆ ஹெங் இழுத்தான்.
நின்ற இடத்திலேயே சக்கரம் இறுகியது.
கூட்டு வண்டியில் வருகிறவர்க்கெல்லாம்
இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்,
பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

அடுத்தது என் மிதி.
நான் பஸ்ஸில் ஏறினேன்.
இவர் கஞ்சிலில் ஏறியதைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.
"மிதிங்க அக்கா!"
மிதித்தேன்.
பின்னாலிருந்து குரல் வரவில்லை.
"என்னடா, வேலை செய்யலையா?"
"செய்யுது அக்கா.
அண்ணன் இடது கையால
வலது காலைத் தூக்கி மிதி மேல வச்சிருக்காரு.
அதுவும் சேர்ந்து இறங்குது."

விட்டேன்.
மிதித்தேன்.
"போதும் அக்கா, காற்று வீணாகுது."
இன்னொரு முறை மெல்ல,
மலையிறக்கத்துக்கு மிதிப்பதுபோல்.